மதுரையிலிருந்து இராமநாதபுரத்துக்கு ஒரு குப்பி எலும்பு மருந்து

2008 மே மாதம் நான் போன இந்தப் பயணத்தோடு ஒப்பிட்டால், அந்தக் காலத்துப் படையெடுப்புகள் எல்லாம் காலாற நடந்தது மாதிரி. தூரம் 115 கிலோமீட்டர். சுமை, சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி.

அக்கா மகள் செல்வி சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் வண்டியிலிருந்து விழுந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் கால் எலும்பு கூடவில்லை. மூன்றாவது முறை, எலும்பை வளரத் தூண்டும் புரதத்தை வைத்துப் பார்க்கலாம் என்றார் இராமநாதபுரம் டாக்டர்.

"அப்படியே ஊத்துனா ரத்தத்தோட போயிரும். உடம்புக்குள்ளயே கரையுற ஒரு பஞ்சுல ஊறவச்சு, எலும்பு இடைவெளியில வைப்போம். கொஞ்சங்கொஞ்சமா கசியும். பஞ்சு இங்க இருக்கு, மருந்து மதுரையில. ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல கொண்டாங்க. உறைஞ்சா வீண்."

ஆபரேஷன் மாலை நாலு மணிக்கு. செல்வி காலையிலிருந்து பட்டினி.

மதுரையில் மருந்தை வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் 10.15க்கு பஸ் ஏறினேன். மடியில் குளிர்பெட்டி, அதற்குள் குளிர்ந்த ஜெல் பைகளும் குப்பியும், மேலே வெப்பமானி. நிமிஷத்துக்கு அறுபது தடவை பார்த்தேன். பரமக்குடியில் 12.20க்கு பஸ் படுத்துவிட்டது. மதுரையில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் பாம்பன்காரர், அந்தோணி.

சத்திரக்குடியில் வண்டி நின்றது. நான் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் அந்தோணி பெட்டியைத் திறந்து, ஜெல் பைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீனுக்கு வைத்திருந்த ஐஸை நொறுக்கிப் போட்டு, நாலு கை உப்பும் தூவி முடித்திருந்தார்.

"பதறாதீக அண்ணே. சீலா மீனே இதுல ரெண்டு நாள் தாங்கும்!"

"அடப்பாவி, இது மீனில்லய்யா! உறைஞ்சா செத்துப்போகும்!"

உப்புப் போட்டால் ஐஸின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். வெப்பமானி 1.4 காட்டியது. ஐஸை அள்ளிக் கொட்டினோம். குப்பியைத் துண்டில் சுற்றி ஜெல் பைகளுக்கு நடுவே வைத்தோம்.

"ஏறுதாண்ணே?"

"ரெண்டு."

அப்புறம் அந்தோணி ஹாரன்கூட அடிக்கவில்லை.

2.35க்கு ஆஸ்பத்திரி. வாயைத் திறக்காவிட்டால் நாலு மணிக்கு ஆபரேஷன் நடந்துவிடும். செத்த மருந்தாக இருந்தால், அது செல்வியின் காலுக்குள் போகும். விரல்நீள அயிரையைத் திமிங்கலம் என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்றைக்கு மட்டும் ஒரு எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்: "ஒண்ணு புள்ளி நாலு, டாக்டர். உப்பு போட்டுட்டாங்க."

டாக்டர் வெப்பமானியில் ஒரு பொத்தானை அழுத்தினார். வழியில் தொட்ட ஆகக் குறைந்த வெப்பநிலையை அது காட்டுமாம். 1.1. குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மருந்து கொடுத்த இடத்துக்குப் போன் போட்டுப் பேசினார். எனக்கு அந்தப் பேச்சு ஏழு யுகம்.

"உறையல. கொஞ்ச நேரந்தானேன்னு அவங்களும் சரின்னுட்டாங்க. வைக்கலாம்."

செல்வி ஸ்ட்ரெச்சரிலிருந்து முறைத்தாள். "மாமா, இம்புட்டு நேரமா? மருந்து செய்யவே போய்ட்டீகளோன்னு நெனச்சேன்."

இப்படி மருந்து கொண்டுவரப் போகிறவர்களுக்கு: தனிக்கார் பிடியுங்கள். மருந்தை ஐஸ் தொடவே கூடாது. பெட்டியை யார் கையிலும் விடாதீர்கள், ஒதுங்கப் போனாலும். தவறு நடந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆயிற்று. நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் இடைவெளிக்குள் புகை மாதிரி ஏதோ தெரிகிறது. எலும்புதானா என்று கேட்டேன். "இன்னும் ஆறு வாரம் போகட்டும்" என்கிறார் டாக்டர். அதுவரை அந்தப் புகையை நான் யாரிடமும் பெரிதாக்கிச் சொல்லப்போவதில்லை.