மச்சான்மாரின் கடைசி ஆல்பம்

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். அண்ணன் பாடுவார், கிட்டாரும் அவரே. என் கணவர் சிந்தசைசர். நான் டிரம்ஸ். ஜெர்மனியின் ஹம் நகரில் கிழமை முழுக்க ஆளுக்கொரு வேலை, சனிக்கிழமையானால் நியூ வேவ். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் நின்று, சிரிக்காமல் பாடுகிற இசை அது. தமிழில் அதைப் பாடியபோது, பாடகருக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று சொந்தக்காரர்கள் கவலையாக விசாரித்தார்கள். எங்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். என் கல்யாணமே இந்தக் குழுவால் நடந்ததுதான்.

நான்காவது ஆல்பத்தில் வினை தொடங்கியது. ஒரு பாட்டின் தொடக்கத்தில் என் கணவர் நீட்டி முழக்கி ஒரு சிந்தசைசர் இசை வைத்தார். அது முடியும்வரை அண்ணன் மைக்குக்கு முன்னால் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது அண்ணனுக்குப் பிறவியிலேயே வராது. வாய்த்தர்க்கம் முற்றி மச்சான்மார் இருவரும் கதைப்பதை விட்டார்கள். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் அண்ணன், அதையும் நிறுத்திவிட்டார். ஆல்பம் எனக்குப் பெரிதில்லை. ஜெர்மனியில் எனக்கிருக்கும் ஒரே கூடப்பிறப்பு அவர். ஞாயிறுதோறும் அவருடைய தட்டையும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவைப்பேன்.

கதை பேச்சில்லை, ஆனால் ஒலிப்பதிவு நடந்தது. கோபித்துக்கொண்டவர்கள் ஒரே அறையில் இருந்தால், நடுவில் ஓர் ஆளைப் பிடித்து அவர் வழியாகப் பேசுவது நம்மவர் வழக்கம். ஸ்டூடியோவில் அந்த நடு ஆள் நான்.

"உன்ர மனுசனிட்டச் சொல்லு, நான் இன்னும் எவ்வளவு நேரம் மரம் மாதிரி நிக்கிறது எண்டு." இது அண்ணன்.

"கொண்ணையிட்டச் சொல்லு, அந்த நேரம் இசையைக் கேட்டுக்கொண்டு நிக்கச்சொல்லி." இது கணவர், என் அண்ணனுக்கு.

இருவருக்கும் இடையில் கை நீட்டினால் தொடுகிற தூரம். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

ஒலிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மன்காரர், பொறுமைசாலி, தமிழ் ஒரு சொல் தெரியாது. இந்த இரண்டு ஆண்களும் எதையும் என் முகத்தைப் பார்த்தே சொல்வதையும், நான் வாய் திறந்த பிறகே அடுத்தது நடப்பதையும் பல சனிக்கிழமைகள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மிக மரியாதையாக என்னிடம் கேட்டார். நீங்கள்தானே இங்கே முடிவெடுப்பவர், இந்தப் பாட்டை என்ன செய்வது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் மற்றவர்களின் கதையைக் காவிக்கொண்டு திரிவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யா" என்றேன், ஆமாம் என்பதை ஜெர்மனில்.

தொடக்க இசையைப் பாதியாக வெட்டச் சொன்னேன். மீதிப் பாதியில் அண்ணன் கிட்டார் வாசிக்க வேண்டும், கை சும்மா இருக்காது. பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாகத் தமிழில் சொன்னேன்.

"எனக்கு இனி ஏலாது. இதுதான் எங்கட கடைசி ஆல்பம். இதோட காணும்."

பெரிய சண்டை வரும் என்று பயந்தேன். கணவர் மெல்லத் தலையாட்டினார். அண்ணன் கிட்டாரைச் சுருதி சேர்த்தார். அந்தப் பாட்டு ஒரே தடவையில் சரிவந்தது. இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்ததோ.

அடுத்த நாள் ஞாயிறு. சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். இருவருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன். இதோ இப்போது யாராவது என்னைக் கூப்பிட்டு, அவரிடம் சொல்லு என்று தொடங்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

"மச்சான், இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு விடட்டே?" கணவரின் குரல்.

"ஓம், விடுங்கோ."

என்னை யாரும் கூப்பிடவில்லை. அகப்பையும் கையுமாக அங்கேயே நின்று ஆசைதீர அழுதேன்.