மேடத்துக்கு ஒரு சாக்லேட் சூப்

எங்கள் துறை எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு மெமோ வரும், உங்களுக்கு ஒன்றும் வராது. கொல்லிமலையில் ஓர் அரசு அலுவலகம், அதில் நான் ஓர் உதவியாளர், அவ்வளவு போதும். என் ஊர் கீழே, திருச்செங்கோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. நான் மட்டும் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை பஸ் பிடித்து, அடிவாரத்துக் காரவள்ளி வரை வாந்தியை அடக்கிக்கொண்டு இறங்குவேன். திங்கட்கிழமை விடியலில் அதே வாந்தியோடு மேலே ஏறுவேன்.

மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். சென்னையையோ கோயம்புத்தூரையோ கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து அலுவலகத்தைத்தான் கேட்டேன். அங்கே இடமும் காலியாக இருந்தது. மாவட்ட அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நான் பெட்டியைக் கட்டிவிடலாம்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் அப்பாவுக்கு உப்புமாவும் தக்காளிச் சாதமும் தெரியும். மாற்றி மாற்றி அந்த இரண்டையும் போட்டு அந்தப் பிள்ளையின் நாக்கையே சாகடித்துவிட்டார். போகட்டும், நாக்குதானே. ஆனால் போன மழைக்காலத்தில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தவள், எனக்குப் போன் பண்ணாமல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். சனிக்கிழமை நான் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஏங் கண்ணு, எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி என்னம்மா பண்றது? நீ அங்கிருந்து வாரதுக்குள்ள வலியே போயிரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவுசெய்தேன், பொதுத் தேர்வுக்கு முன்னால் எப்படியாவது கீழே வந்துவிடுவது, அதற்கு யார் காலில் விழவேண்டுமானாலும் விழுவது என்று.

விழவேண்டிய கால் மாவட்ட அதிகாரியுடையது. மேடம் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே நோய் ஆரோக்கியம். வெள்ளையாக இருப்பதெல்லாம் விஷம் என்பது அவர் கொள்கை. சர்க்கரை விஷம், மைதா விஷம், பால் விஷம், அரிசி மெல்லக் கொல்லும் விஷம். அலுவலகச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மட்டும் எப்படியோ தப்பித்தது. ஆய்வுக் கூட்டத்தில் டீ கிடையாது, ஆளுக்கு ஒரு டம்ளர் கொத்தமல்லித் தண்ணீர். செல்போனில் எங்கள் அலுவலகக் குழுவுக்குத் தினமும் காலையில் அவரிடமிருந்து ஓர் அறிவுரை வரும். நாங்கள் எல்லோரும் பயபக்தியோடு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு வடை தின்னப் போவோம்.

ஒரு நாள் அறிவுரைக்குப் பதிலாக வீடியோ வந்தது. எந்த நாட்டுக்காரியோ தெரியாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, எலும்பு வேகவைத்த சாற்றில் கோகோ தூளைப் போட்டுக் கலக்கிக் குடிக்கிறாள். பாலும் சர்க்கரையும் இல்லாத ஆரோக்கியமான ஹாட் சாக்லேட்டாம். அதற்கடியில் மேடம் எழுதியிருந்தார்: அடுத்த மாதம் மலையில் நடக்கும் சிறுதானிய உணவு விழாவுக்கு வருகிறேன், நம் அலுவலகக் கடையில் இதுதான் இருக்கவேண்டும், எலும்புச் சாற்றுக்குப் பதிலாக முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பில் செய்யுங்கள், யார் பொறுப்பேற்கிறீர்கள்?

முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு கிழங்கு. பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், மேலே பழுப்பு மயிர்கூட உண்டு. மயிரைச் சுரண்டி, தோலைச் சீவி, இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்தால் சூப். சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை முதலில் மறிப்பது இந்தச் சூப்புக்கடைகள்தான். மலைக்குளிரில் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. அதை அதன் பாட்டுக்கு விட்டுவைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

குழுவில் வெகுநேரம் ஒரு பொம்மையும் அசையவில்லை. பிறகு எங்கள் கண்காணிப்பாளர் என் பெயரைப் போட்டுவிட்டார். ஓய்வு பெறப்போகிற மனிதர், அதுவரை எந்த வம்பும் தன்மேல் படாமல் பார்த்துக்கொள்கிறவர். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். சூப் என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் நான். நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"ஏனுங்க சார், கரண்டி புடிக்கறதுக்கு நாந்தான் கெடைச்சனா? நீங்க பண்றதுதானுங்க?"

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. உங்க நல்லதுக்குத்தானுங்க போட்டேன். உங்க பைலு மேடம் மேசை மேலதான் கெடக்குது. அவங்க மனசு குளுந்தா கையெழுத்துத் தானா உளுகும்."

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நாமக்கல்லிலிருந்து கோகோ தூள் வாங்கிவரச் சொல்லி நானே ஆள் தேடினேன்.

நான் வழக்கமாகச் சூப் குடிக்கும் கடையை ஓர் அக்கா நடத்துகிறார், இதே மலையில் குண்டூர் நாட்டுக்காரர். தூக்குவாளி நிறையச் சூப் கேட்டதும் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தார். சாக்லேட் போடப்போகிறேன் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, உங்களுக்குத்தான் காய்ச்சலா?"

அறைக்குக் கொண்டுபோய்க் கோகோவைக் கொட்டிக் கலக்கினேன். கட்டி கட்டியாக மிதந்தது. வாசனையோ, பூண்டும் சாக்லேட்டும் ஒரே பஸ் சீட்டுக்குச் சண்டைபோடுகிற மாதிரி. இருந்தாலும் பிளாஸ்கில் ஊற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். நான் மட்டும் ஏன் அனுபவிக்கவேண்டும்?

கண்காணிப்பாளர் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "அருமைங்க. மேடம் யோசனைன்னாச் சும்மாவா?" என்றார். சொன்ன கையோடு பின்பக்கக் குழாயடிக்குப் போனவர் வெகுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஜீப் டிரைவர் மோந்து மட்டும் பார்த்தார். "இது குடிக்கறதுங்களா, முட்டியில தடவறதுங்களா?" என்று கேட்டார். மிச்சத்தைச் சூப்புக்கடை அக்காவிடமே சாயங்காலம் கொடுத்தேன். அவர் துப்பிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ற கடைச் சூப்புன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி. யாவாரம் படுத்துரும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன கெரகம் இது, ஒரு சூப்பிடம் தோற்றுப்போவதா? சாயங்காலம் தோறும் அறையில் அடுப்பைப் பற்றவைத்தேன். முதலில் பூண்டையும் வெங்காயத்தையும் தக்காளியையும் துரத்தினேன். கிழங்கு, மிளகு, சுக்கு, துளி சீரகம், அவ்வளவுதான். அதை வேகவைத்து மெல்லிய துணியில் வடிகட்டினேன். கோகோவை வெதுவெதுப்பான சாற்றில் தனியாகக் குழைத்துவிட்டு ஊற்றினேன், கட்டி விழுவது நின்றது. தண்ணீராக ஓடியதால் சாமைக் கஞ்சி கொஞ்சம் சேர்த்தேன், பதமாகக் கெட்டியானது. உப்பு வெள்ளையாயிற்றே என்று யோசித்து இளஞ்சிவப்பாக இருக்கும் இந்துப்பு ஒரு சிட்டிகை போட்டேன். எல்லாம் சரிதான், ஆனால் கசப்பு மட்டும் வேப்பெண்ணெய்க்கு அண்ணன். எனவே கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். மேடத்தின் சட்டப்படி கருப்பட்டியும் குற்றவாளிதான், கறுப்பு வேஷம் போட்ட வெள்ளை என்று ஒரு காலை அறிவுரையில் சொல்லியிருக்கிறார். அதையும் நான் கொஞ்சநஞ்சமாகப் போடவில்லை.

டம்ளரில் ஊற்றி ஆற்றிக் குடித்தேன். முதலில் சாக்லேட் வந்தது, பின்னாலேயே மிளகு வந்தது, கடைசியில் கிழங்கின் அந்தக் கறிச்சாற்று ருசி தொண்டையில் தங்கியது. ஐயோ, நன்றாக இருந்தது! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"சூப்புல சாக்லேட்டா? உவ்வே!" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "மேடம் குடிச்சாக் கையெழுத்துப் போட்டுருவாங்கல்ல?"

"போட்டுருவாங்க சாமி."

"அப்பப் பரீட்சைக்கு நீதான் என்னைக் கொண்டுவந்து உடோணும். எல்லாரோட அம்மாவும் வருவாங்களாம்."

வருவேன் என்றேன். கருப்பட்டி கொடுத்த தைரியத்தில் சத்தியம்கூடப் பண்ணினேன்.

விழா அன்று மலையே மைதானத்தில் இருந்தது. சாமைப் பொங்கல், தினை உருண்டை, மரவள்ளி வடை என்று வரிசையாகக் கடைகள். எங்கள் கடையில் ஓர் அண்டா, அதற்குப் பக்கத்தில் நல்ல புடவை கட்டிய நான். எனக்குப் பின்னால் கண்காணிப்பாளர், ஏதாவது தப்பானால் விலகிப்போக வசதியான தூரத்தில் நின்றார். மேடம் வந்தார். டம்ளரை வாங்கி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"சுகர் போடலையே?"

"இல்லீங்க மேடம்." கருப்பட்டி சுகர் ஆகுமா என்ன?

"பாருங்க!" என்று கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார் மேடம். "சர்க்கரையே இல்லாம எவ்வளவு இனிப்பு! இது கிழங்கோட இயற்கையான இனிப்பு."

"இயற்கைங்க மேடம்," என்று கண்காணிப்பாளர் ஒரே எட்டில் முன்னால் வந்துவிட்டார். "மண்ணு வாகுங்க மேடம்."

மேடம் இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம் இன்னொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. மனதுக்குள் நான் பெட்டியைக் கட்டி, காரவள்ளி தாண்டி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் போனதும் மேடம் என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்து, நெஞ்சாரத்தான் பேசினார்.

"இவங்க மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாங்க. கையெழுத்துப் போடலாம்னு நானும் எடுத்து வெச்சிருந்தேன். நல்லவேளை, போடலை! இந்த மலையை இவ்வளவு நேசிக்கிற ஒருத்தரைக் கீழ அனுப்பி பைல் கட்டவிடறதா? இவங்க இங்கதான் இருக்கணும். வருஷா வருஷம் இந்தக் கடையை இவங்கதான் நடத்தணும்."

கைதட்டல் வானத்தை எட்டியது. எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருக்காது போலிருக்கிறது, பொன்னாடைக்குள்ளிருந்து நானும் தட்டினேன். மேடம் எனக்கு விருது கொடுத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மேடையை விட்டு இறங்கியதும் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், பொண்ணு பத்தாவதுங்க மேடம். பரீட்சை வருதுங்க."

"அப்படியா? அப்ப அவளுக்கும் இதைக் கொடுங்க. மூளைக்கு ரொம்ப நல்லது."

ஜீப் கதவு சாத்திக்கொண்டது. நான் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் அலுவலகத்திலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு போனவரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதத் தெரியாது, கொடுத்த வேலையை ஒரு நாளும் முடித்ததில்லை. இந்த ஆளை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது என்று எல்லோருமாகச் சேர்ந்து கீழே அனுப்பிவைத்தார்கள். அவர் இப்போது தினமும் வீட்டுச் சோறு தின்கிறார், பிள்ளைகளை வண்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார். இந்த உத்தியோகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் இது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். மரமண்டை!

கடைக்குத் திரும்பினால் அண்டா காலி. ஊர்க்காரர்கள் வழித்துக் குடித்திருந்தார்கள். கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பவே இல்லை, பந்தல்காரரிடம் நாற்காலியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொன்னாடையை மடித்துப் பையில் திணித்துவிட்டு அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தபோது போன் அடித்தது. மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கூப்பிடுகிறாள்.

"அம்மா! குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க கண்ணு. மூணு டம்ளரு."

"ஐ! அப்பக் கையெழுத்து?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? நடந்ததைச் சொன்னேன். பொன்னாடை போர்த்தியதையும் சொன்னேன், இவ்வளவு நல்லாச் செய்கிறவளைக் கீழே அனுப்பமாட்டார்களாம் என்பதையும் சொன்னேன். பின்னால் அவள் அப்பாவின் தறி ஓடுவது மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்து, "சாமி, சாமி" என்று கூப்பிட்டேன்.

"ஏம்மா," என்றாள், "அவ்வளவு நல்லாவா செஞ்சே?"

அவளே போனை வைத்துவிட்டாள். படிக்கவேண்டுமாம்.