வாழைப்பழத்தோடு வந்த வசூல்காரர்

பெரம்பலூரில் தனியாகக் குடியிருந்த என்னைத் தேடி மாதாமாதம் வந்த ஒரே மனிதர், பழைய கிரெடிட் கார்டு பாக்கியை வசூலிக்கத் திருச்சியிலிருந்து வந்தவர்தான். ஒல்லியான ஆள், அந்தத் தொழிலுக்கு வேண்டிய மீசைகூடக் கிடையாது. கையில் எப்போதும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். எதற்கென்று கேட்டேன்.

“வெறுங்கையோட வந்தா தெருவே கண்டுபிடிச்சிடும் சார். பக்கத்து வூட்டம்மாகிட்ட உங்க அத்தை பையன்னு சொல்லிட்டேன்.”

பாக்கி தீராமல் எந்த வங்கியும் என்னை மனிதனாக மதிப்பதாக இல்லை. அதனால் தவணை தவறாமல் கட்டினேன். கடைசித் தவணையன்று அவர், “முழுசா கட்டியாச்சுன்னு லெட்டர் கேட்டு வாங்கிடுங்க. அப்பதான் நாளைக்கு லோன் தருவான்” என்றார்.

“அடுத்த மாசம் சும்மா வாங்களேன்.”

“சும்மா வர்றதுக்கு கம்பெனி பஸ் சார்ஜ் தராது சார்” என்று சிரித்தார்.

கடிதம் வந்தது. புதுக் கார்டும் வந்தது. அவர் வரவில்லை.

“அத்தை பையனைக் காணோமே, சண்டையா சார்?” என்றார் பக்கத்து வீட்டம்மா.

“சொத்துத் தகராறுங்க.”

“விட்டுக்குடுத்து நீங்களே போய்ப் பாருங்க. சொந்தம் வேணும்ல?”

போகலாம்தான். அவர் வீடு எங்கே என்று நான் கேட்டதே இல்லை.