எந்த யெஸ்?

மனோர் பார்க் என்ற ஊரில், மாலை ஆங்கில வகுப்பில், என் பக்கத்துக் கதிரையில் ஒரு சீனர் இருப்பார். வாய் திறக்கமுன் கோட்டுப் பொத்தான் முழுவதையும் பூட்டிக்கொள்வார்.

ஒருநாள் பந்தியை வாசித்ததும் டீச்சர், "விளங்கவில்லையா?" என்று அவரைக் கேட்டார்.

"யெஸ்."

"அப்போ விளக்குங்கள்."

சீனர் முழுசினார். தமிழில் நாங்கள் சொல்வதுபோல, "ஓம், விளங்கேல்லை" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். விளங்காவிட்டால் 'நோ' சொல்லவேண்டும் என்று டீச்சர் திருத்தினார்.

சோதனையில் தவறினால் வகுப்பில் இடமில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சோறு இறங்கவில்லை. சோதனையன்று வாசலில் சீனரிடம், "பயமில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பொத்தான்களைப் பூட்டிவிட்டு, "யெஸ்" என்றார்.

பழைய யெஸ் என்றால் பயமில்லை. திருத்தின யெஸ் என்றால் பயம். எது என்று யோசித்தபடியே சோதனை எழுதினேன். இன்னும் பிடிபடவில்லை.