ஈயம் என்று கேட்டால் ஈயம்தானே வரும்!

மைசூரில் நானும் கணவரும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வார்த்து, தேவராஜ மொஹல்லா கடைகளுக்குக் கொடுக்கிறோம். போன முறை ஷார்ஜாவில் இருக்கும் ஒரு வியாபாரியிடம் பழைய ஈயம் வேண்டும் என்று போனில் சொன்னேன். தமிழர்தானே, விளக்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

சரக்கு வந்தது. உருக்குவதற்கு முன் வழக்கம்போல ஒரு துண்டை வளைத்தேன். சொம்புக்கு உரிய வெள்ளீயம் வளைத்தால் நறநறவென்று சத்தம் போடும். இது ஊமையாக மடங்கியது, விரலெல்லாம் கறுப்பு. அத்தனையும் காரீயம், விஷம்! சொம்பாக வார்த்திருந்தால் எத்தனை வீட்டு ரசத்தில் இறங்கியிருக்கும்?

போன் போட்டால், "ஈயம்னுதானேக்கா கேட்டீங்க? ஈயந்தான் அனுப்பியிருக்கேன்" என்று வியாபாரி சாதித்தார்.

"கன்னடத்துல 'தவர'ன்னு கேட்டா வெள்ளீயம் மட்டுந்தான். நம்ம பாஷையிலதான் இந்தக் கூத்து!" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். மூட்டைகளைத் திருப்பி அனுப்ப இன்னமும் கப்பல் ஏஜென்ட் வீட்டுக்கு நடையாய் நடக்கிறோம்.

இப்போதெல்லாம் நான் பெயரை நம்புவதில்லை. "ஒரு துண்டை எடுத்து போன்கிட்ட வளைங்க" என்கிறேன். அந்த நறநற என் காதில் விழுந்த பிறகுதான் கப்பலில் ஏற்றச் சொல்கிறேன்.

— ஒரு வாசகி, விஜயநகர், மைசூரு