கன்னி மூலையில் கனம்

மைசூரில் ஜெயகிருஷ்ணனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான். மனுஷர் எதிலும் இறங்கிவிட்டால் கழுத்துவரை இறங்கிவிடுவார். பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். சாயங்காலம் சரஸ்வதிபுரம் வீட்டின் பின்னறையில் பக்திப் பாட்டுக் கேசட் தயாரிப்பவர். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. எதிரொலி வரக்கூடாதென்று கடைகடையாக ஏறி முட்டை அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினார். அவர் மனைவி காமாக்ஷி மூன்று நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"முட்டை இல்லடி, வெறும் அட்டை" என்று அவர் சொன்னதெல்லாம் எடுபடவில்லை.

தொண்ணூற்று மூன்றில் பெங்களூரில் மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவிலிருந்து ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினார். சாதாரண ஸ்பீக்கர் கேட்பவருக்கு இதமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மெருகேற்றிக் கொடுக்கும். மானிட்டர் அப்படியில்லை, டேப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லும். "இந்தப் பெட்டி பொய் சொல்லாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

பெட்டியை எங்கே வைப்பது? அந்த வருஷங்களில் ஊரே வாஸ்துப் பித்துப் பிடித்து, நல்ல கதவை இடித்து வேறு பக்கம் கதவு வைத்துக்கொண்டிருந்தது. ஜெயகிருஷ்ணன் சும்மா இருப்பாரா? ஒரு சின்னப் புத்தகமும் திசைகாட்டியும் வாங்கினார். வீட்டில் கனமான பொருள் தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. பெட்டி ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. இரண்டையும் அந்த மூலையில் நெருக்கி வைத்து, மேசையை எதிரே குறுக்காகப் போட்டு உட்கார்ந்தார்.

பீரோவுக்கு அது நல்ல இடம். ஸ்பீக்கருக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. மூலையில் வைத்த பெட்டியின் அடிச்சத்தம் இரண்டு சுவரிலும் முட்டி ஊதிப் பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம், குறிப்பிட்ட ஒரு சுருதி வரும்போது அறையே சேர்ந்து முழங்கும். முட்டை அட்டையெல்லாம் அதன் முன்னால் எம்மாத்திரம். இதெல்லாம் அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷம் கொள்ளேகால் கேசட் வியாபாரி கெம்பையன், மாதேஸ்வரன் மலைக்குப் பாலாறு வழியாக வரும் தமிழ் பக்தர்களுக்காகத் தமிழில் ஒரு கேசட் போட ஆசைப்பட்டு, சுலோசனாவை அழைத்துவந்தார். பட்டு நூல் சுற்றும் பெண், இருபது வயது. மாரியம்மன் கோயில் பஜனையில் பாடுகிறவள். ஹாலில் மைக்கை வைத்து அவளைப் பாடச்சொல்லிவிட்டு, பின்னறையில் டேப்பில் பதிந்துகொண்டே ஜெயகிருஷ்ணன் கேட்டார். ஆதார சட்ஜமமான 'ஸ'வுக்கு வரும்போதெல்லாம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கும்மென்று முழங்கியது.

"உன் குரல்ல கனம் ஜாஸ்திம்மா. சுருதி எத்தனை கட்டை?"

"நாலு கட்டைதானுங் சார். அதுதான் நமக்குத் தோது."

"அஞ்சரைக்குப் போயிடலாம். மேல போனா சரியாயிடும்."

அவள் தயங்கினாள். படித்த மனிதர், பெரிய பெட்டியெல்லாம் வைத்திருக்கிறவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

சமையலறையிலிருந்து காமாக்ஷி வந்தாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு மொதல்ல பாடினதே சென்னாகி, நன்னாவே இருந்துதே? எனக்கு ஒண்ணும் கும்முனு கேக்கலையே."

"அடுப்படியில உக்காந்துண்டா மிக்ஸிங் பண்றது? பெட்டி பொய் சொல்லாது. நீ போய்க் காப்பி போடு."

இந்தப் பதிலை அவர் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். கதவைத் திறந்து நாலு எட்டு ஹாலுக்குப் போய் சுலோசனாவின் குரலை நேரே கேட்டிருக்கலாம். போகவில்லை.

மூன்று நாள் சுலோசனா ஐந்தரைக் கட்டையில் பாடினாள். இரண்டாம் நாளே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் கேட்டாள். மூன்றாம் நாள் மேல் ஸ்தாயியில் குரல் கீறியது. "இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கேசட் வந்தது, விலை போகவில்லை. கீச்சென்று இருப்பதாகப் பாலாற்றுக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். "குரல் அவ்வளவுதான் கெம்பையா, நாம என்ன செய்யறது" என்று ஜெயகிருஷ்ணன் கைகழுவினார்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஆடி மழையில் கன்னி மூலைக் கூரை ஒழுகியது. பெட்டிகளைத் தூக்கி, எதிர்ச் சுவரின் நடுவில், சுவரை விட்டு மூன்றடி தள்ளி இரண்டு ஸ்டூல்மேல் வைத்தார். நனைந்து கெட்டுவிட்டதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்த டேப்பைப் போட்டார். சுலோசனா நாலு கட்டையில் பாடிய முதல் டேக்.

கும்மென்று எதுவும் இல்லை. சட்ஜமம் தெளிவாக, நிதானமாக, நிறைவாக நின்றது. பெட்டிகளை மறுபடி ஈர மூலைக்குத் தூக்கிப்போய் வைத்துக் கேட்டார். முழங்கியது. திரும்ப ஸ்டூலுக்குக் கொண்டுவந்தார். தெளிவாக இருந்தது. நாற்பத்தெட்டு வயசில் முப்பது கிலோவை மூன்று தடவை இப்படிச் சுமந்தார். கனம் அவள் குரலில் இல்லை, அவர் மூலையில்தான் இருந்தது.

காமாக்ஷி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் ஒழுகும் மூலையில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த டேக்கை ஒரு கேசட்டில் ஏற்றிக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறினார். பஸ்ஸில் வழிநெடுக ஒத்திகை. மன்னிப்புக் கேட்பது, பிறகு மறுபடி பதிவு செய்யலாம் என்று சொல்வது, நாலு கட்டையிலேயே. தவறைத் திருத்திவிட்டால் ஆயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கெம்பையன் சொன்ன வீட்டில் சுலோசனா இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங் சார், ஏனுங் இவ்வளவு தூரம்?"

குரல் காற்றாக வந்தது, உடைந்து கரகரவென்று. சளியாக இருக்கும் என்று நினைத்தார்.

"சளி இல்லீங். அப்ப பாடினதுல போனது, வரவே இல்லீங். சாமராஜநகர்ல டாக்டர் பாத்து, தொண்டையில கட்டியாட்டக் காய் காச்சிருக்குது, பாடவே கூடாதுன்னுட்டார். அதுக்கப்புறந்தான் கண்ணாலம் ஆச்சுங். எனக்குத்தான் கனத்த கொரலாச்சே, போனாப் போகட்டும்னு உட்டுட்டனுங்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் வாயில் ஒட்டிக்கொண்டது. "அப்ப எங்க ரூம்ல ஒரு கோளாறு இருந்ததும்மா. அதான் அப்படிக் கேட்டுது" என்று மட்டும் வந்தது. அறைமேல் பழியைப் போடுகிறோமே என்று அவருக்கே கூசியது. பேச்சை மாற்றுகிறவர்போல் கேசட்டை நீட்டினார். அவள் பரண்மேலிருந்த டேப்ரிக்கார்டரை எடுத்துப் போட்டாள்.

தன் குரலை அவள் தலை குனிந்து கேட்டாள். ஒரு சரணம் முடிந்ததும், "அப்ப எங்கொரலு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

தறி வேலை முடிந்து அவள் புருஷன் அய்யாவு சாப்பிட வந்தார். நிலைப்படியிலேயே நின்று கேட்டார். "ஆருது பாடறது? கேட்டுக்கிட்டே இருக்கலாமாட்ட இருக்குது."

"நாந்தான்" என்றாள் சுலோசனா.

அய்யாவு வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங் சார், கேட்டீங்களா? கட்டி ரண்டு வருசமாச்சு, இவ கொரலு எனக்குத் தெரியாதா?"

சுலோசனாவும் லேசாகச் சிரித்தாள். ஜெயகிருஷ்ணன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அவரும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

"அவங்க குரல்தான்" என்றார். "கெடுத்தது நான். என் பேச்சைக் கேட்டுத்தான் போச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அய்யாவுவின் சிரிப்பு நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுலோசனா எழுந்தாள். டேப்பை நிறுத்தப்போகிறாள் என்று ஜெயகிருஷ்ணன் நினைத்தார். அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, புருஷனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.