வங்காள எழுத்தில் தமிழ்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் லோக்கல் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த கஞ்சி போட்ட சட்டைப் பெரியவர், கைபேசியில் தமிழை வங்காள எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தார். இங்கே வளர்ந்த மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாம். ஒவ்வொரு வரியையும் அனுப்பியதும் திரையைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்ப்பார்.

"படிச்சுட்டான் சார், நீல டிக் விழுந்துடுச்சு. ஒரு மாசமா பதில்தான் இல்லை."

விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த டிக் அவர் கண்ணில் படாமல் செய்யும் வழியை வரிசைக்கிரமமாகச் சொன்னேன்.

"ரிட்டையர்டு ஆபீசரா? பேச்சுலயே தெரியுது. அதை எங்க காலனிக்கே சொல்லிக்குடுத்தவன் நான் சார்," என்று சிரித்தார். "லெட்டர் காலத்துல பதில் வரலைன்னா போஸ்ட்மேனைத் திட்டிட்டுத் தூங்கிடலாம். இப்ப யாரைத் திட்டறது?"

அவர் அடுத்த வரியை அனுப்பினார். நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்து போனது. நானும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.